வாடகை வீட்டு முகவரியில் ஜிஎஸ்டி எடுக்கலாமா, மாதச் சந்தா முகவரி வாங்கலாமா?

கேள்வி, 8 ஜூன் 2025

சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கைக்குழந்தைகளுக்கான பருத்தி உடுப்புகளைத் தைக்கக் கொடுத்து வாங்கி ஆன்லைனில் விற்கப் போகிறேன். ஜிஎஸ்டி எடுக்க முகவரிச் சான்று வேண்டும். ஈபி பில் ஹவுஸ் ஓனரின் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் இறந்து பல வருடமாகிறது. ஓனர் திருச்சியில் இருக்கிறார், கையெழுத்துப் போடத் தயங்குகிறார். மாதம் ஆயிரத்துச் சொச்சம் கட்டினால் தி.நகரில் முகவரி, என்ஓசி (உரிமையாளரின் ஆட்சேபணையில்லாக் கடிதம்), ஈபி பில் எல்லாம் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பிற்பாடு ப்ரைவேட் லிமிடெட் ஆக்கும் எண்ணமும் உண்டு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 8 ஜூன், இரவு

சந்தா முகவரியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வீட்டு முகவரியிலேயே எடுக்கலாம். வீட்டில் இருந்து தொழில் செய்யக் கூடாது என்று ஜிஎஸ்டி சட்டத்தில் எங்கும் இல்லை. நான் கோவையில் பொடி வகைகளும் சிறுதானிய மாவும் செய்து விற்கிறேன். முதல் பதிவு வீட்டு முகவரியில்தான்.

எந்த இடத்துக்குப் பேப்பர் சுலபமாகக் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். பேப்பரை எப்படியாவது தேற்றிவிடலாம். அதிகாரி வந்தால் கதவைத் திறக்க அங்கே ஆள் இருக்குமா? நோட்டீஸ் வந்தால் வாங்கி உங்கள் கையில் சேர்ப்பார்களா? மூன்று வருடம் கழித்தும் அந்த இடத்தில் உங்களுக்குப் பேச்சு இருக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற இடம் எதுவோ அதை எடுங்கள். காலையில் மில்லுக்குப் போகணும், மீதி நாளைக்கு.

9 ஜூன்

இறந்தவர் பெயரில் ஈபி பில். தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் கதை இதுதான். தாத்தா பெயரில் மீட்டர், அப்பா பெயரில் வீட்டு வரி, பேரன் கையில் சாவி.

ஈபி பில்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடந்த ஏப்ரல் 17-ஆம் தேதி மத்திய மறைமுக வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. வாடகை இடம் என்றால் வாடகை ஒப்பந்தம், அதோடு உரிமையாளருக்கு அந்த இடம் சொந்தம் என்று காட்டும் ஏதாவது ஒரு தாள் போதும். சொத்து வரி ரசீது, ஈபி பில், குடிநீர்க் கட்டண ரசீது, இந்த மாதிரி ஒன்று. ஒப்பந்தம் பதிவு செய்யாததாக இருந்தால் உரிமையாளரின் அடையாளச் சான்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவருடைய பான் கார்டைக் கொண்டு வா, கடைக்குள் நின்று போட்டோ எடுத்து அனுப்பு என்றெல்லாம் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நீ குடியிருப்பது ஓர் ஊர், தொழில் இன்னொரு ஊரா என்பது போன்ற கேள்விகளும் கூடாதாம். நான் எடுத்த காலத்தில் இது இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

ஆகவே உங்கள் ஓனரிடம் முதலில் கேட்க வேண்டியது, சொத்து வரி யார் பெயரில் இருக்கிறது என்று. அது அவர் பெயருக்கு மாறியிருந்தால் ஈபி பில்லை மறந்துவிடுங்கள். அதுவும் அப்பா பெயரில்தான் என்றால் வாரிசுச் சான்று வேண்டியிருக்கும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால், இவர் ஒருவர் போடும் கையெழுத்து செல்லுமா என்ற கேள்வியும் வரும். ஓனர் தயங்குவதற்குக் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம்.

9 ஜூன், மாலை

ஒரு நண்பர் சுட்டிக்காட்டியிருப்பது சரியான விஷயம். அந்த அறிவுறுத்தல் மத்திய அதிகாரிகளுக்கானது. விண்ணப்பம் மத்திய அதிகாரியிடம் போகிறதா, நம் மாநில வணிக வரித் துறையிடம் போகிறதா என்பது உங்கள் கையில் இல்லை. மாநில அதிகாரியிடம் போனால் அந்தத் தாளைக் காட்டிச் சண்டை போட முடியாது. பணிவாக எடுத்துச் சொல்லலாம், பல இடங்களில் எடுபடும். அதனால் சொத்து வரி ரசீதை முன்னால் வைத்து, ஈபி பில்லையும் கையில் வைத்திருங்கள்.

11 ஜூன்

ஓனர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருந்தார். நானும் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவள். அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன்.

முதல் பயம், குடி வந்தவர் கடை போர்டை மாட்டி, அப்படியே உட்கார்ந்துவிடுவார் என்பது. இதற்கு எழுத்தில் ஒப்பந்தம்தான் மருந்து. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யத்தான் வேண்டும். பதினொரு மாத ஸ்டாம்ப் பேப்பர் போதும் என்ற பழைய பழக்கத்தில்தான் பலரும் இன்னும் இருக்கிறோம்.

இரண்டாவது பயம் மின்சாரம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வீட்டு மீட்டரில் வியாபாரம் நடப்பதாக மின்வாரியம் கண்டால் மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் மதிப்பீடு போடலாம். எந்தக் கட்டணம் பொருந்துமோ அதைப் போல இரண்டு மடங்கு வரும். டாக்டர், வக்கீல் மாதிரித் தொழில்முறையாளர்கள் குடியிருக்கும் வீட்டிலேயே 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்திருந்தால் வீட்டுக் கட்டணமே போதும் என்று விலக்கு உண்டு. பொடி அரைப்பது அதில் வராது. நான் பொடிக்கென்று தனி மீட்டர் வாங்கிவிட்டேன். உங்களுக்கு ஒரு பீரோவில் துணி, மேசையில் லேப்டாப் என்றால் மின்சாரம் பெரிய விஷயமில்லை. ஆனால் ஓனரிடம், வீட்டில் மெஷின் ஓடாது என்று எழுதிக் கொடுங்கள். அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

மூன்றாவது, வாடகைக்கு ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18-இலிருந்து, பதிவு பெற்றவர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும். ஓனர் கட்ட வேண்டியதில்லை, இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். ப்ரொப்ரைட்டராக, அதாவது கம்பெனி இல்லாமல் தனி ஆளாகத் தொழில் செய்பவர் தன் சொந்தக் குடியிருப்புக்காக, சொந்தப் பெயரில் எடுத்தால் இந்த வரி இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது. அதே வீட்டைத் தொழிலிடமாகவும் காட்டும்போது ஒப்பந்தத்தின் வாசகம் முக்கியம். அதை ஆடிட்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும், நான் இங்கே எழுதித் தருவதை நகலெடுக்காதீர்கள்.

12 ஜூன்

வாடகைக்கு இருப்பவரே கட்டும் இந்த ஜிஎஸ்டி கடைக் கட்டடத்துக்கும் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்போது உண்டு. பதிவு இல்லாத ஓனரிடமிருந்து வணிகக் கட்டடத்தைப் பதிவு பெற்றவர் எடுத்தால், 2024 அக்டோபர் 10-இலிருந்து வாடகைக்கு இருப்பவரே 18 சதவீதம் கட்ட வேண்டும். பிறகு உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு.

15 ஜூன்

அதிகாரி நேரில் வருவாரா என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

எல்லோருக்கும் வர மாட்டார். ஆதார் சரிபார்ப்பு முடிந்து, கணினி உங்களை ஆபத்துப் பட்டியலில் போடாவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் எண் வந்துவிடும். நேரடி ஆய்வு என்று விழுந்தால் முப்பது நாள் வரை ஆகலாம். எண் கொடுத்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை, மறுபடி 2024 ஆகஸ்ட் 16-இல் தொடங்கி, நாடு முழுக்கப் போலிப் பதிவுகளைத் தேடும் சிறப்பு வேட்டை நடந்தது. அதில் ஒழுங்கான சின்ன வியாபாரிகள் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் ரேஷன் கடை வரிசையில். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். வந்தவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் எங்கள் கம்பெனிப் பெயரைச் சொல்லி, எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா, "அப்படி ஒரு கம்பெனி இந்த வீதியிலயே இல்லீங்க சார். இங்க இருக்கறதெல்லாம் குடும்பந்தானுங்க" என்று சொல்லி, மோரும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. அவருக்கு நான் பொடிக்காரி. எங்கள் கம்பெனிப் பெயர் அவருக்குத் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் போர்டு வீட்டுக்குள்ளே, ஹாலில் மாட்டியிருந்தது.

பிறகு நேரில் போய் விளக்கி, போட்டோக்கள் கொடுத்துச் சரியாயிற்று. அதன் பிறகு போர்டு கேட்டுக்கு வந்தது. நுழைவாயில் பெயர்ப்பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், சான்றிதழை உள்ளே பார்வையில் படும் இடத்தில் மாட்ட வேண்டும் என்று விதி 18 சொல்கிறது. முனையில் இருக்கும் டீக்கடைக்காரர், அயர்ன் வண்டிக்காரர், பக்கத்து வீட்டு அம்மா மூவரிடமும் கம்பெனிப் பெயரைச் சொல்லி வைத்தேன். அயர்ன் அண்ணன் இப்போது என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

18 ஜூன்

சந்தா முகவரிக்கு வருகிறேன். அது சட்டவிரோதமா என்றால் இல்லை. கோ-வொர்க்கிங் இடத்தில் ஒரு மேசையை உண்மையிலேயே வாடகைக்கு எடுத்து, உங்கள் பெயரில் ஒப்பந்தம் போட்டு, வாரத்தில் சில நாள் போய் உட்கார்ந்தால் அது நிஜ அலுவலகம். சிக்கல் எங்கே என்றால், ஆள் போகவே போகாத முகவரியில்.

என் தோழி ஒருத்தி திருப்பூரில் இப்படி ஒன்று எடுத்தாள். பளபளப்பான கட்டடம், வரவேற்பில் ஒரு பெண். ஒரே அறையைக் காட்டி எத்தனை பேருக்கு என்ஓசி கொடுத்திருந்தார்கள் என்பது ஆய்வு வந்தபோதுதான் தெரிந்தது. அதிகாரி கேட்டதும் வரவேற்புப் பெண் ஒரு டிராயரைத் திறந்து போர்டுகளைப் புரட்டி இவளுடையதைத் தேடி எடுத்து மாட்டினாளாம், அதிகாரி கண் முன்னாலேயே. பதிவு ரத்துக்கு நோட்டீஸ் வந்தது. ஒரு போன் கூட அவர்களிடமிருந்து இல்லை. அவர்கள் சந்தா நினைவூட்டலை மட்டும் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எடுத்தே தீர வேண்டும் என்றால் இதைக் கேளுங்கள்: கட்டடம் அவர்களுக்குச் சொந்தமா, அவர்களே வாடகைக்கு இருக்கிறார்களா? வாடகை என்றால் உள்வாடகைக்கு விட அவர்களுக்கு ஓனரின் எழுத்து மூல அனுமதி உண்டா? என் மேசைக்கு எண் உண்டா? தபால் வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஸ்கேன் வரும்? ஆய்வு வந்தால் யார் பேசுவார்? ஒப்பந்தம் முடியும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு? இந்தக் கேள்விகளுக்கு விற்பனைப் பையன் முழித்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

19 ஜூன்

வேறு மாநிலக் கிடங்கில் சரக்கு வைக்கிறவர்களுக்கு சந்தா முகவரி இல்லாமல் முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன், அது வேறு விஷயம். ஜிஎஸ்டி பதிவு மாநில வாரியாகத்தான். அமேசான் போன்ற நிறுவனத்தின் பெங்களூருக் கிடங்கில் உங்கள் சரக்கு இருந்தால் கர்நாடகாவில் தனிப் பதிவு எடுத்து, அந்தக் கிடங்கைக் கூடுதல் தொழிலிடமாகக் காட்ட வேண்டும். அங்கே முதன்மை இடம் காட்ட உங்களுக்கு வீடு இல்லை, சித்தப்பாவும் இல்லை என்றால் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவையும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி ரிட்டர்ன் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். முதல் வருடத்தில் தமிழ்நாட்டுக் கிடங்கு போதும். அதே மாநிலத்துக்குள் என்றால் இருக்கிற பதிவிலேயே திருத்தம் போட்டுச் சேர்த்துவிடலாம்.

26 ஜூன்

ப்ரைவேட் லிமிடெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே முகவரி இன்னும் கனமான சமாச்சாரம்.

கம்பெனி பதிவாகி முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகம் இருக்க வேண்டும். தொடங்கும்போது தொடர்பு முகவரி மட்டும் கொடுத்துவிட்டு, அந்த முப்பது நாளுக்குள் ஐஎன்சி-22 படிவத்தில் பதிவு அலுவலகத்தைச் சொல்லலாம். ஈபி பில், போன் பில் மாதிரி ஏதாவது ஒன்று கேட்பார்கள், இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நம் ஊரில் ஈபி கணக்கெடுப்பே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பில் வந்த வாரத்திலேயே படிவத்தைப் போட்டுவிடுங்கள், தள்ளிப் போட்டால் பில் பழையதாகி, அடுத்த பில்லுக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

கட்டடத்தின் வெளிப்புறப் போட்டோ, உள்ளே இயக்குநர் ஒருவர் நிற்கும் போட்டோ, இரண்டும் வேண்டும். நாங்கள் கம்பெனி ஆக்கியபோது என் வீட்டுக்காரர்தான் நின்றார். போர்டுக்குக் கீழே, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. பொண்ணு பார்க்கப் போனபோது கூட அவர் அவ்வளவு விறைப்பாக இல்லை.

போர்டு விஷயம் கம்பெனிச் சட்டம் 12-ஆவது பிரிவில் இருக்கிறது. பெயரும் பதிவு அலுவலக முகவரியும் வெளியே தெரியும்படி எழுதியிருக்க வேண்டும், அந்த வட்டாரத்தின் மொழி எழுத்திலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அக்ரிலிக் போர்டு போட்டால் போதாது. அந்தப் பிரிவை மீறினால் நாளுக்கு ஆயிரம் ரூபாய், மொத்தம் ஒரு லட்சம் வரை அபராதம்.

2019-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, சந்தேகம் இருந்தால் கம்பெனிப் பதிவாளர் நேரில் ஆய்வு செய்யலாம். 2022 ஆகஸ்டில் அதற்கு விதியும் வந்துவிட்டது: அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பார்க்க வேண்டும். அந்த இரண்டு சாட்சிகள் யாராக இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் தெருவாக இருந்தால் ஒருவர் நிச்சயம் அந்த மோர் கொடுத்த அம்மா. அங்கே கம்பெனியே நடக்கவில்லை என்று ஆனால் பெயர் நீக்கம் வரை போகும்.

27 ஜூன்

சேலத்து நண்பருக்கு. இப்போதைக்கு சேலம் முகவரி, நன்றாகப் போனால் சென்னைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

தமிழ்நாட்டில் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் இரண்டு, சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று. கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல், நீலகிரி, தர்மபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் இந்தப் பக்கமெல்லாம் கோவைப் பதிவாளர். மதுரைக்காரர் சென்னைக்குப் போகிறார், திண்டுக்கல்காரர் கோவைக்கு.

ஒரே நகரத்துக்குள் மாற்றினால் இயக்குநர் குழுத் தீர்மானம் போதும். நகர எல்லையைத் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம். ஒரே மாநிலத்துக்குள் ஆனாலும் ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொரு பதிவாளருக்குப் போனால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் ஒன்று தமிழில் ஒன்று என்று பத்திரிகை விளம்பரம், கடன் கொடுத்தவர்களுக்குத் தனித்தனிக் கடிதம், ஐஎன்சி-23 படிவம், ஆடிட்டருக்கும் கம்பெனி செகரட்டரிக்கும் தட்சிணை. சேலத்திலிருந்து சென்னைக்கு வண்டி பிடித்தால் ஆறு மணி நேரம். கம்பெனிக்கு மாதக் கணக்கில் ஆகும்.

சென்னைதான் கடைசியில் என்று உறுதியாகத் தெரிந்தால் முதலிலேயே அங்கே நம்பகமான சொந்தக்காரர் வீட்டைப் பதிவு அலுவலகமாக வைத்து, சேலத்தைக் கிளையாக நடத்துவது மலிவு. உறுதி இல்லையென்றால் சேலமே இருக்கட்டும். அலுவலகம் சென்னைக்கு வந்தாலும் பதிவு முகவரி சேலத்திலேயே இருப்பதில் குற்றமில்லை.

27 ஜூன், இரவு

கதவு எண்ணைச் சொல்ல மறந்தேன், சென்னைக்காரர்களுக்கு இது முக்கியம். பழைய எண், புதிய எண் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு. வரி ரசீதில் புதியது, ஈபியில் பழையது, ஆதாரில் எது தோன்றியதோ அது. ஒப்பந்தத்தில் "புதிய எண் இன்னது, பழைய எண் இன்னது" என்று இரண்டையும் எழுதுங்கள். பின்கோடையும் சரிபாருங்கள், அதை வைத்துத்தான் எந்த அலுவலகத்தின் எல்லை என்று போகிறது. ஜிஎஸ்டி விண்ணப்பத்தில், வரைபடத்தில் குண்டூசி குத்தும் இடத்தில் உங்கள் கட்டடத்தின் மேலேயே குத்துங்கள். என் தம்பி ஏரிக்குள் குத்திவிட்டு, ஏன் கேள்வி கேட்கிறார்கள் என்று என்னைக் கேட்டான்.

4 ஜூலை

வீட்டு முகவரிதான் நல்லது என்று முதலில் எழுதினேன். வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதியிருந்ததைப் படித்த பிறகு அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று தோன்றுகிறது.

ஜிஎஸ்டி எண்ணைத் தட்டினால் முகவரி எவருக்கும் தெரியும். கம்பெனி முகவரியும் அமைச்சகத் தளத்தில் பொதுவில் இருக்கிறது. பில்லில் முகவரி இருக்க வேண்டும். பாக்கெட் போட்டு விற்றால் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் பாக்கெட்டிலேயே அச்சாக வேண்டும். அதாவது நான் விற்கும் ஒவ்வொரு இட்லிப் பொடிப் பாக்கெட்டும் என் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டு போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கேட்டைத் தட்டி, "இந்தப் பக்கம் வந்தோம், அரைக் கிலோ கிடைக்குங்களா" என்பார். அது பரவாயில்லை, விற்றாயிற்று. பொடியில் காரம் அதிகம் என்று சண்டை போட ஒருவர் வந்தார். அன்று வீட்டில் ஆள் இருந்தார்கள். தனியாக இருப்பவர்கள், சின்னக் குழந்தைகளோடு இருப்பவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். அண்ணன் கடை, அப்பாவின் பழைய பட்டறை, நம்பிக்கையான தோழியின் தையல் கடையில் ஒரு மூலை இப்படி ஏதாவது இருந்தால் வீட்டைவிட அது மேல். சொந்தக்காரர் இடம் என்றால் வாடகை ஒப்பந்தம்கூட வேண்டாம். வெள்ளைத்தாளில் சம்மதக் கடிதம், கொடுப்பவரின் அடையாளச் சான்று, இடத்துக்கான ஒரு சான்று. போதும்.

ஆனால் உணவுத் தொழில் செய்பவர்களே, உணவுப் பாதுகாப்புப் பதிவு சமையல் நடக்கும் இடத்துக்குத்தான். அண்ணன் கடை முகவரியில் பதிவு எடுத்து வீட்டில் சமைத்தால் அது வேறு வம்பு. இரண்டு முகவரியும் வேறாக இருப்பது தப்பில்லை. சமையலிடத்தை ஜிஎஸ்டியில் கூடுதல் இடமாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஆன்லைன் தளங்களின் ஆவணச் சரிபார்ப்பில் இழுபறி.

20 ஜூலை

விவாதம் வெளிநாட்டுக்குப் போய்விட்டதால் நானும் போகிறேன். கேமன் தீவில் அக்லண்ட் ஹவுஸ் என்று ஓர் ஐந்து மாடிக் கட்டடம். 2008-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு எண்ணிப் பார்த்தபோது அதே முகவரியில் 18,857 நிறுவனங்கள். டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் 1209, நார்த் ஆரஞ்ச் தெரு என்று ஒரு சாதாரணக் கட்டடத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். எங்கள் வார்டில் மொத்த ஜனமே அவ்வளவு இல்லை. நம் திருப்பூர் வரவேற்புப் பெண்ணின் டிராயர் எந்த மூலைக்கு?

அங்கே மட்டும் இது ஏன் செல்லுபடியாகிறது என்று கேட்டிருந்தீர்கள். டெலவேரில் சட்டமே அப்படி ஓர் ஆளை எதிர்பார்க்கிறது. பதிவு முகவர் என்று ஒருவர் அலுவலக நேரத்தில் அங்கே இருந்து, கோர்ட் சம்மன் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். தொழில் அங்கே நடக்க வேண்டியதில்லை. நம் ஜிஎஸ்டியில் கேட்பதோ தொழில் நடக்கும் இடம்.

லண்டனிலிருந்து எழுதிய அண்ணனுக்கு: உங்கள் ஊரிலும் 2024 மார்ச் 4-இலிருந்து அஞ்சல் பெட்டி எண்ணைப் பதிவு அலுவலகமாக வைக்க முடியாது. அங்கே வந்து சேரும் கடிதம் கம்பெனி சார்பில் இருக்கும் ஒருவர் கவனத்துக்குப் போக வேண்டும், பெற்றதற்கு ஒப்புகை கிடைக்க வேண்டும், அப்படிப்பட்ட முகவரியாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த சட்டம்.

3 செப்டம்பர்

பதிவுத் தபால் என்ற தனிச் சேவை முடிகிறது, ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கிறார்கள். இனி அரசு நோட்டீசும் அதில்தான் வரும். பூட்டிய வீடு, ஆள் இல்லை என்று திரும்பிப் போகும் உறைகள் எத்தனையோ. ஜிஎஸ்டி நோட்டீசைப் போர்ட்டலில் மட்டும் போட்டு, வியாபாரி பார்க்காமல் விட்டு, உத்தரவு வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் நிறைய. தபாலுக்கு மட்டும் காத்திருக்காமல் வாரம் ஒருமுறை போர்ட்டலைத் திறந்து பாருங்கள். பதிவில் ஆடிட்டரின் மின்னஞ்சலைப் போடாதீர்கள், உங்களுடையதைப் போடுங்கள். அவருக்கு ஒரு நாளைக்கு நூறு வரும்.

4 செப்டம்பர்

தபால்காரருக்குத் தீபாவளி இனாம் கொடுப்பது லஞ்சமா என்று கேட்ட நண்பருக்கு: இந்த இழையில் அது வேண்டாம்.

22 நவம்பர்

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். கோவை கணபதியில் ஒரு சின்ன கோடவுன் வாடகைக்கு எடுத்தோம். கூடுதல் இடமாகச் சேர்க்கப் போனபோது ஒரு கேள்வி வந்தது. அதே முகவரியில் முன்பிருந்தவரின் ஜிஎஸ்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர் காலி செய்து போய் நாளாயிற்று, திருத்தமும் போடவில்லை, ரத்தும் செய்யவில்லை. இடம் மாறினால் பதினைந்து நாளுக்குள் திருத்தம் போட வேண்டும் என்பது விதி. யார் கவனிக்கிறார்கள்? ஓனரின் அலமாரியில் அவர் பெயருக்கு வந்த உறைகள் ஒரு கட்டு, பிரிக்காமல்.

முந்தைய ஒப்பந்தம் முடிந்த தேதியைச் சொல்லி ஓனரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். கடை பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்: முன்பு இருந்தவர் பதிவை மாற்றிக்கொண்டு போனாரா, அவர் எண் என்ன? எண் கிடைத்தால் போர்ட்டலில் தட்டி நிலையைப் பார்க்கலாம், லாகின் வேண்டாம்.

இதைப் படிக்கும் ஓனர்களுக்கும்: குடியிருப்பவர் காலி செய்யும்போது கடைசி ஈபி பில், சாவி இரண்டையும் வாங்குவதோடு, பதிவு முகவரியை மாற்றியதற்கான நகலையும் வாங்கிக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள். நான் என் சின்ன வீட்டு ஒப்பந்தத்தில் அதை ஒரு ஷரத்தாகவே போட்டுவிட்டேன். இப்போது குடியிருப்பவர் படித்துவிட்டுச் சிரித்தார், அவருக்கு ரயில்வேயில் வேலை.